ரோஸ் தலைக் குருவி

என் வீட்டுக்காரர் அந்தக் குருவியைப் பற்றி முதல் தடவை சொன்னபோது நான் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். கோடை சீசன் நேரம். ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சீசன் நாட்கள்தான் வருஷம், மிச்சமெல்லாம் ஈ ஓட்டுவது. எங்கள் கடை பஜாரில் இருக்கிறது. மிளகு, கிராம்பு, காபித்தூள், தைலம், கையால் செய்த சாக்லேட் எல்லாம் உண்டு. சேலத்திலிருந்து காலை பஸ் வந்து கூட்டத்தை இறக்குவதற்குள் ஷட்டரைத் தூக்கியாக வேண்டும். நான் தலையில் ஈரத்துண்டோடு அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தேன். அவர் பின்பக்க ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தா, இங்க வந்து பாரு. தலையெல்லாம் ரோஸ் கலரு. இத்துனூண்டு குருவி," என்றார்.

"ரோஸ் கலர்ல எந்தூருக் குருவிங்க வருது? சாவியக் கண்டீங்களா?" என்றேன்.

சாவி என் இடுப்பிலேயே செருகியிருந்தது. அதைக் கண்டுபிடித்த கையோடு கிளம்பிப் போய்விட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்திருந்தது. லேசாக என்பது டாக்டர் சொன்ன வார்த்தை. இடது கையில் டம்ளர் நிற்காது, இடது கால் இழுக்கும், கோபம் வந்தால் வார்த்தை குழறும். அதற்கு முன்னால் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்து, ஒரு பாக்கெட் மிளகு கேட்டவர் தலையில் மூன்று பாக்கெட்டைக் கட்டி அனுப்பிய மனிதர் அவர். அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் கல்லாவுக்குப் போனேன். எனக்கும் வியாபாரம் வரும். ஆனால் பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. விலையை மாற்றி மாற்றிக் கேட்டால் பாக்கெட்டைத் திரும்ப வாங்கி வைத்துவிடுவேன்.

சேலத்து டாக்டர் என்னையும் என் பையனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். பையன் எங்களுக்கு ஒரே பிள்ளை, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கை கால் போகப் போகச் சரியாகிவிடும், மூளையைத்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். இல்லாத ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது என்று சொன்னாலோ, இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு வேறொன்றுமாகப் பேசினாலோ தள்ளிப்போடாமல் கூட்டிவரச் சொன்னார். பையன் அன்றைக்கே காரில் வைத்துத் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். அப்படி ஏதாவது ஆனால் கடையை யாரிடமாவது விட்டுவிட்டு இரண்டு பேரும் பெங்களூருக்கு அவனோடு வந்துவிட வேண்டும். அவன் கெட்ட பிள்ளை இல்லை, பயந்த பிள்ளை. பயந்தவர்கள் எதையும் சீக்கிரம் தீர்மானித்துவிடுகிறார்கள்.

அவனுடைய ஃபிளாட்டை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாவது மாடி. கீழே பார்த்தால் எனக்கே தலை சுற்றும். கல்லாவிலேயே காலம் கழித்த மனுஷனை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் அவர் யாரிடம் வம்பு பேசுவார்?

எங்கள் வீடு பஜாருக்கு மேலே, எஸ்டேட் வேலியை ஒட்டிய தெருவில். பின்பக்கம் சின்னக் கொல்லை. அதில் ஒரு பேரி மரம், ஒரு துணிக்கொடி, இடுப்புயரச் சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் வேறு வீடு. அந்த வீட்டுக்காரி லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிற வேலைக்குப் போகிறவள். பிறந்த ஊர் மலைக்குள்ளே வெள்ளக்கடைப் பக்கம், சாமையும் காப்பியும் விளைவிக்கிற குடும்பம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போகும், பழம் வரும். என் வாயைப் பொறுத்துக்கொள்கிற பக்கத்து வீடு அமைவது லேசில்லை.

பேரி மரத்துக்கு எப்போதும் குருவிகள் வரும். கொண்டைக்குருவி வரும், தேன்சிட்டு வரும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட ஒரு பச்சைக்குருவி கூட்டமாக வரும். நானோ அவரோ அவற்றை உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவர் பார்க்க ஆரம்பித்தார். வேறென்ன செய்வார்? சொல்ல ஆள் வேண்டுமே என்று வீடியோ காலில் பையனிடம் அந்த ரோஸ் தலைக் குருவியைப் பற்றிச் சொன்னார். பையனும் முதலில் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டான். போனில் குருவிகளைக் கண்டுபிடிக்கிற ஆப் ஒன்றை இறக்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விசாரித்தான்.

"எவ்ளோ பெருசுப்பா?"

"ஊர்க்குருவியில பாதிதான் சாமி."

"மூக்கு நீளமா, குட்டையா?"

"குட்டை. நல்ல கெட்டி மூக்கு. நெல்லக் குடுத்தா உமிய நீக்கித் துப்பிப்போடும் போல."

"ரோஸ் எங்கெங்க இருக்குது?"

"தலை, கழுத்து, நெஞ்சு வரைக்கும். கீழ போகப் போக வெளுத்துப்போச்சு."

ஆப்பில் அப்படி ஒரு குருவி இந்த மலையில் இல்லையாம். இருக்கிற ஒன்றும் இமயமலைப் பக்கம்தானாம். "வழி தப்பி வந்திருக்கும்ப்பா" என்று பையன் சிரித்தான். அவரும் சிரித்தார். அத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அடுத்த தடவை அவன் கூப்பிட்டபோது, "இன்னிக்குப் பச்சை வந்துது" என்றார்.

"ரோஸ்னு சொன்னீங்களேப்பா?"

"அன்னிக்கு ரோஸு. இன்னிக்கு நல்ல கிளிப்பச்சை. அதே மூக்கு, அதே வாலு."

பையன் மருந்து சாப்பிட்டீர்களா, நடக்கிறீர்களா என்று பேச்சை மாற்றினான். மறுநாள் கடையில் கூட்டமாக இருக்கிற நேரத்தில் எனக்குப் போன் செய்தான். "அம்மா, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குதா?" என்று மட்டும் கேட்டான். கல்லாவுக்கு முன்னால் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாக்லேட்டை எடை போட்டேன். தப்பாகப் போட்டேன்.

அந்தக் குருவியை என் கண்ணால் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். சீசனில் ஒரு காலை நேரம் கடையைத் திறக்காமல் கொல்லையில் உட்கார்ந்தேன். சும்மா உட்காரத் தெரியாது எனக்கு. முறத்தில் மிளகை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் புடைத்தேன். நடுவில் துணிக்கொடியில் காய்கிற புடவை விலகியிருந்தது, எழுந்து சரிசெய்தேன். வேலிப்பக்கம் வந்த நாயை விரட்டினேன். குருவி என்ன, ஒரு இலைகூட அசையவில்லை.

ஜன்னலுக்குள்ளிருந்து அவர் சொன்னார்: "நீ அங்க உக்காந்திருந்தா காக்காகூட வராது. போயிக் கடையத் தொற, போ."

அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு அப்போது வேறு மாதிரி கேட்டது. நான் பார்த்தால் வராது, தனக்கு மட்டும் வரும் என்று சொல்கிறாரே என்று பயந்தேன்.

வெயில் ஏறிவிட்டது, குருவிக்குத் தண்ணீர் வை என்று ஒருநாள் கேட்டார். ஓரம் நசுங்கிய ஒரு அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி மரத்தடிக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டில் தண்ணீர் சிவந்து கிடந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர் இருக்குமே, அதைவிடக் கொஞ்சம் வெளிறிய நிறம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏனென்றால் அன்றைக்குக் காலையில்தான் பக்கத்து வீட்டுக்காரியின் மகள் பிரசவம் முடிந்து பிள்ளையோடு வந்து இறங்கியிருந்தாள். வாசலில் ஆரத்தி சுற்றியதை நானே பார்த்தேன். கண்ணு பட்டதையெல்லாம் கழித்த தண்ணீர் அது. அதை முச்சந்தியில் ஊற்றுவதுதானே வழக்கம்? ஏற்கனவே நோயாளி இருக்கிற வீட்டுக் கொல்லையில், அதுவும் தட்டு வைத்திருப்பதைப் பார்த்து, அளவாக ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாளே!

தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு சுவருக்குப் போனேன்.

"ஏம்மா, உங்க ஊட்டுத் திருஷ்டிய எறக்க எங்க ஊட்டுக் கொல்லைதான் கெடச்சுதா?"

அவள் குழந்தைத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, என்ன பேசறீங்க? ஆலாத்தித் தண்ணிய நான் முக்குல கொண்டுபோயி ஊத்திப்போட்டு வந்தனுங்க. உங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்கலீங்க."

"அப்ப இது வானத்துலருந்து வந்துதா?"

"எனக்கெப்படித் தெரியுமுங்க? பச்சப்புள்ள வந்திருக்கற ஊட்டுல இப்படிப் பேசாதீங்க்கா, நல்லாருக்காது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜன்னலிலிருந்து என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததும், "அவளப் போயி ஏன் வையற? குருவி குளிச்சிருக்கும். அதுல எறங்கிப் படபடன்னு அடிச்சுட்டிருந்துது," என்றார்.

"குருவி குளிச்சாத் தண்ணி செவக்குமாங்க?" என்று கத்தினேன். கத்தி முடித்ததும்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை குழறியது, விட்டுவிட்டார். நான் சமையல்கட்டுக்குப் போய்த் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தேய்க்கத் தேய்க்க அழுகை வந்தது. குருவியில் ஆரம்பித்தது இப்போது சிவப்புத் தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டதே என்றுதான் என் புத்தி போனது.

பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றது. அவள் கொடியில் துணி போட வந்தால் நான் உள்ளே வந்துவிடுவேன், நான் போனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தட்டில் இன்னொரு நாள் தண்ணீர் பச்சையாக இருந்தது. அதைப் பாசி என்று நினைத்தேன். ஒரே நாளில் எப்படிப் பாசி பிடிக்கும் என்று யோசிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் குருவியைப் பற்றிப் பேசவில்லை. நான் கடையிலிருந்து வந்ததும், "இன்னிக்கு என்னென்ன வந்துதுங்க?" என்று கேட்டுப் பார்ப்பேன். "கொண்டைக்குருவிதான்" என்பார். நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து டிவிக்கு நேராகப் போட்டுக்கொண்டார். ஒற்றைக் கையால் எப்படி இழுத்தாரோ தெரியாது. பையன் போனில் கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. வெயில்ல கண்ணு கூசி அப்புடித் தெரிஞ்சிருக்கும். இப்ப ஒண்ணுந் தெரியறதில்ல," என்றார். நல்ல தெளிவான குரலில் சொன்னார், கல்லாவில் உட்கார்ந்து பேசுகிற குரலில்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றைக்குச் சாப்பாடுகூட நன்றாக இறங்கியது. பையனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எதற்கும் ஒருதரம் டாக்டரிடம் காட்டிவிடலாம், அப்படியே கொஞ்ச நாள் பெங்களூரில் இருக்கட்டும் என்றான். கொஞ்ச நாள் என்று அவன் சொன்ன விதத்திலேயே அது கொஞ்ச நாள் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள்கூட விசாரித்து வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி விலகி வெயில் வந்த பிறகு கட்டிலில் பையை விரித்து வைத்து அவர் வேட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சீசனில் கடை திறக்காத ஞாயிறு அது. சத்தம் போடக்கூட மனசில்லாமல் இருந்தேன். அவர் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், டிவி ஓடவில்லை. வேட்டியை மடிக்கும்போது ஓரக்கண்ணில் பட்டது. அவர் தலை மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. ஏதோ ஒன்றில் கண் நின்றது. அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே, சுட்டுக்கொண்ட மாதிரி, தலையைத் திருப்பி ஓடாத டிவியையே பார்க்க ஆரம்பித்தார்.

நான் வேட்டியைப் போட்டுவிட்டு அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன்.

அலுமினியத் தட்டில் ஒரு குருவி குளித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் கனம்தான் இருக்கும். கெட்டி மூக்கு, கூரான கறுப்பு வால். தலையிலிருந்து நெஞ்சு வரைக்கும் ரோஸ், பஞ்சு மிட்டாய் ரோஸ். அது முங்கி முங்கி எழுந்து இறக்கையை உதறியது. உதற உதறத் தட்டில் தண்ணீர் சிவந்தது.

"ஏனுங்க," என்றேன் மெதுவாக. நான் மெதுவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை, அதனால் திரும்பினார். "அங்க பாருங்க. குருவிங்க."

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "என்ன குருவி? எனக்கு ஒண்ணுந் தெரியல," என்றார்.

"தட்டுலீங்க. ரோஸ் தலைங்க."

"தெரியலங்கறேனே." வார்த்தை குழறியது. "எனக்கு எதுவுந் தெரியறதில்ல. டாக்டரு சொன்னத நானுந்தான் கேட்டேன். கதவு தொறந்துதான இருந்துது. அவன் வர்ற நேரத்துல நீ என்னையச் சோதிச்சுப் பாக்கறியா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குருவி ஒருநாளும் வராமல் போகவில்லை. அது வந்துகொண்டே இருந்திருக்கிறது. இவர் தினமும் அதைப் பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"சத்தியமாச் சொல்றனுங்க, எனக்குத் தெரியுது. தண்ணி செவக்குதுங்க. நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரியே செவக்குது."

அவர் ஜன்னலைப் பார்க்காமலே கேட்டார்: "உனக்கும் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"மூக்கு எப்புடி இருக்குது, சொல்லு."

"குட்டையா, கெட்டியா இருக்குதுங்க. வாலு கறுப்பு."

அவர் வலது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுதார். நானும்தான். குருவி எங்களைக் கண்டுகொள்ளாமல் குளித்து முடித்து, கிளையில் ஏறி இறகைக் கோதிக்கொண்டது.

பையனுடைய கார் வந்து நின்றபோது அது கிளையிலேதான் இருந்தது. வாசலுக்கு ஓடிப்போய் அவனைச் செருப்போடு இழுத்து வந்தேன். பார்த்தான். அவன் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பிறகு போனை எடுத்தான். போட்டோ எடுத்து ஆப்பில் போட்டால் அது யோசித்து யோசித்து, தெரியவில்லை என்றது. அவன் இன்னும் கிட்டத்தில் எடுக்கலாம் என்று பின்கதவைத் திறந்து கொல்லைக்குள் இறங்கினான். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, தம்பி, அத போட்டோ எடுத்து எங்கயும் போட்டுறாதீங்க தம்பி."

பக்கத்து வீட்டுக்காரி. கையில் குழந்தைத் துணி. முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்க்காமல் அவனிடமே சொன்னாள்.

"ஃபாரஸ்ட்காரங்களுக்குத் தெரிஞ்சா என் மேல கேசாயிப்போகுந் தம்பி. லாட்ஜுல ரூம் எடுத்தவங்க கீழ எங்கயோ வாங்கியாந்திருக்காங்க, கூண்டோட. சிங்கப்பூர்க் குருவின்னு சொல்லி எவனோ தலையில கட்டிருக்கான். போறப்ப அப்புடியே ரூம்லயே போட்டுட்டுப் போயிட்டாங்க. மேனேஜரு, கொண்டுபோயித் தொலைச்சுட்டு வான்னு எங்கிட்டக் குடுத்தாருங்க. பாவமா இருந்துது. விடியால இங்க கொண்டாந்து கூண்டத் தொறந்துட்டேன். பாதி எஸ்டேட்டுப் பக்கம் போயிருச்சு. ரெண்டு மூணு இங்கயே சுத்திட்டிருக்குது."

"இது என்ன குருவிங்கக்கா?" என்றான் பையன்.

"வெறும் தினைக்குருவிதானுங்க தம்பி. சாமைக் கதிருல வந்து உக்காருமில்ல, அந்தச் சாதி. சாயத்துல முக்கி வெச்சிருக்காங்க. ரோஸு, பச்சை, மஞ்சள்னு கூண்டு பூரா கலர் கலரா இருந்துது."

பச்சை என்று அவள் சொன்னதும் பையன் தலையைத் தூக்கினான். ஜன்னலுக்குள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை, நானும் கொல்லைக்கு இறங்கினேன். "இத்தன நாளா இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?" என்றேன். பல நாள் கழித்து அவளோடு பேசிய முதல் வார்த்தையே சண்டை.

அவள் இப்போது என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க பேசியிருந்தாத்தானுங்க்கா நான் சொல்றது?"

கல்லின் மேலிருந்த தட்டை அவளுக்குக் கை காட்டினேன். சிவப்புத் தண்ணீர். அவள் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு தாங்காமல் சிரித்துவிட்டாள். "ஆலாத்தி!" என்றாள். "என்ற பேரன் வந்த ஊட்டுல..." மேலே பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மறுநாள் கடையிலிருந்து நல்ல சாக்லேட்டாகப் பார்த்து எடுத்து வந்து சுவருக்கு மேலே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. அதற்கு மறுநாள் அதே இடத்தில் பலாப்பழச் சுளை இருந்தது.

மழைக்காலம் வந்ததும் சாயமெல்லாம் போய்விட்டது. இப்போது மரத்துக்கு வருவதெல்லாம் பழுப்புத்தான். எது கூண்டிலிருந்து வந்தது, எது காட்டிலிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவர் சொல்லுவார். நான் ஆமாம் என்பேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. பையன் உள்ளே வந்து அவர் எதிரே நின்றான். கட்டிலில் பாதி அடுக்கிய பை கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், எடுத்துக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

"பச்சை ஒண்ணு வந்துதுன்னு சொன்னீங்களேப்பா," என்றான்.

"வரும். வெயில் செவுத்து மேல ஏறுனாத்தான் வரும்." அவர் நாற்காலியைக் கை காட்டினார். "ஜன்னலுகிட்டத் தள்ளு. சத்தம் போடாம உக்காந்திருக்கோணும். உங்கம்மாவால முடியாது."

முடிந்தது. நான் இருந்தேன். இடுப்பில் சாவி குத்தியது, அசையவில்லை. அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது, எழுந்திருக்கவில்லை. பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வந்தது. வெயில் சுவரில் மெல்ல ஏறியது. கொண்டைக்குருவி வந்து போனது. பையன் போனை எடுக்கவே இல்லை.

பிறகு வேலிப்பக்கமிருந்து அது வந்தது. முதலில் கிளையில் உட்கார்ந்து இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்தது. அப்புறம் தட்டின் விளிம்பில் இறங்கியது. கிளிப்பச்சை. அவர் சொன்ன அதே பச்சை.

"அப்பா," என்று பையன் மூச்சாகச் சொன்னான்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குருவியைப் பார்க்கவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.